அமாவாசைக்கும் அட்டமிக்கும் உள்ள தூரம்

நாகப்பட்டினத்தில் நூலக வாசகர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மேசைமேல் ஓர் உலக உருண்டையும் கொஞ்சம் பூக்கட்டும் நூலும் இருக்கின்றன. உருண்டை, நான் பூகோளம் நடத்திய பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. அதில் இன்னும் சோவியத் ஒன்றியம் இருக்கிறது. அதற்காகத்தான் மலிவாகக் கிடைத்தது. நூல், இன்று காலை வீட்டு நூல்கண்டிலிருந்து அறுத்தது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், ஜோசியமா?" என்று கேட்டார். ஒரு வகையில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பேசப்போகும் விஷயம் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரம், அதைக் கடக்க ஆகும் நேரம். இதில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு காற்றின் கருணை என்பதைப் பிரித்துச் சொல்வது அத்தனை சுலபமில்லை.

நம்மூரில் யாரிடமாவது "சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு மணி நேரம்" என்பார். கிலோமீட்டரில் சொல்கிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இது தவறான பதில் என்று வகுப்பில் பல வருஷம் பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறேன். இப்போது அந்தக் கண்டிப்பு எனக்கில்லை. கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம் என்று தொண்டையாலும் கையாலும் கண்ணாலும் தூரத்தை அளந்தவர்கள் நாம். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்துக்குள் போய்விடலாம் என்று வழி சொன்னவர்கள். மணிக்கணக்கில் பதில் சொல்வது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

என் அப்பாயியிடம் இதே கேள்வியைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். தாத்தா இந்த நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறுவார். அப்பாயி சொன்ன பதில்: "அமாவாசைக்கும் அட்டமிக்கும் உள்ள தூரம்டா." அமாவாசையன்று ஏறினால் வளர்பிறை அட்டமி வாக்கில் அங்கே இறங்குவாராம். எட்டு ராத்திரி. நிலவு பாதியாகிவிட்டால் மனுஷன் கரை சேர்ந்துவிட்டார் என்று அவளுக்குக் கணக்கு. கடிதம் வந்து சேர அதன் பிறகும் நாளாகும். அதுவரை அவளிடம் இருந்த ஒரே தகவல் நிலவுதான்.

முதலில் நூலைப் பிடிப்போம். ஒரு நுனியைத் திருச்சியில் வைக்கிறேன், இன்னொன்றைச் சிங்கப்பூரில். தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துகொள்ளும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டையான சுவர்ப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இதே நூலைப் பிடித்தால் அது வடக்கே ஏறி ஆர்க்டிக் பனியைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கும். படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பைத்தியக்கார வழியாகத் தோன்றும். நம் இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் படத்துக்கும் உருண்டைக்கும் பெரிய சண்டை இல்லை.

அளவு என்ன? சுமார் 2,980 கிலோமீட்டர். கடல் மைலில் 1,610. பூமியின் நடுவில் ஓர் ஆணியை அறைந்து அங்கிருந்து இரண்டு ஊர்களுக்கும் கயிறு கட்டினால், கயிறுகளுக்கு இடையே கிட்டத்தட்ட 27 பாகைக் கோணம் விழும். பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். மாலுமியும் விமானியும் இன்றும் கடல் மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த வசதிதான். அவர்களுக்குத் தூரம் என்பதே ஒரு கோணம்.

நூல் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். திருச்சியை விட்டுக் கிழக்கே, சற்றே தெற்காகச் சாய்ந்து, உங்கள் மாவட்டத்துக்குள் வந்து, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைவிட்டு இறங்குகிறது. பிறகு யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடல். அதன்பின் வெறும் வங்காள விரிகுடா. மறுபடி நிலம் தட்டுப்படுவது சுமத்திராவின் தலைமாட்டில், ஆச்சே பகுதியில். அப்புறம் மேடான் நகரத்தை உரசிக்கொண்டு மலாக்கா நீரிணை, சிங்கப்பூர். நிஜ விமானம் இந்த நூலை அப்படியே பிடித்துப் போகாது. வானத்திலும் வகுக்கப்பட்ட தடங்கள் உண்டு. அங்கங்கே கொஞ்சம் வளைந்துதான் போகும். ஆனால் இந்த வழி நமக்குப் புதிதில்லை. ராஜேந்திர சோழன் வென்றதாக மெய்க்கீர்த்தி சொல்லும் இலாமுரிதேசம் இந்த ஆச்சேப் பக்கம்தான் என்பது அறிஞர்கள் கருத்து. நூலுக்குத் தெற்கே 150 கிலோமீட்டர் சொச்சத்தில் பாருஸ் என்ற ஊர். அங்கே 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வைத்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர். அவர்களிடம் போய் "எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டிருந்தால் மாதக்கணக்கில் பதில் வந்திருக்கும். காற்று மாறும்வரை காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்துத்தானே அவர்கள் சொல்ல முடியும்.

2,980 என்று நான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேனே, பூமி எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தானே இதைச் சொல்ல முடியும். அதை அளந்த கதையின் ஒரு துண்டு நம் பக்கத்திலேயே நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் நூறடிச் சங்கிலியை நீட்டி அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். இன்று சென்னை விமான நிலையத்தில் இறங்குபவர்கள் ஜன்னல் வழியே பார்க்கிறார்களே, அதே மலை. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தார்கள். 1808-இல் தஞ்சாவூர். சமவெளியில் தூரத்துப் புள்ளியைப் பார்க்க உயரம் வேண்டும். பெரிய கோயில் விமானத்தைவிட உயரம் அப்போது எது? அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கயிறு ஏமாற்றிவிட்டது. கருவி கற்சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். இன்று கைப்பேசியில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரம் வந்து விழுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் நெளிந்த வட்டங்களும் உண்டு என்று எனக்கு நினைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

தூரம் முடிந்தது, அது மாறாது. இனி நேரம்.

இந்தத் தடத்தில் பெரும்பாலும் பறப்பது ஒற்றை நடைபாதை கொண்ட ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்கள். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், வெளியே கழித்தல் 40 டிகிரிக்கும் கீழான குளிரில், காற்றைப் பொறுத்து மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் போகும். 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூணரை மணிக்கு மேல் ஐந்து நிமிஷம். ஆனால் பயணச்சீட்டில் நாலேகால் மணி நேரம் என்ற அளவில் போட்டிருக்கும். மீதி நாற்பது நிமிஷம் எங்கே போனது? ஏறும்போது முழு வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது. ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போக வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் வரிசையில் வர வேண்டும். விமான நிறுவனம் சொல்லும் நேரம் சக்கரத்துக் கட்டையை எடுத்த நிமிஷத்திலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கும் நிமிஷம் வரை. அதற்குள் கொஞ்சம் கைக்காவலும் ஒளித்து வைத்திருப்பார்கள். ஒரு முறை கதவைச் சாத்திவிட்டுத் திருச்சியிலேயே அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். போய் இறங்கியதும், குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தோம் என்று பெருமையாக அறிவித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சொன்னது பொய்யில்லை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடுகிற சாமர்த்தியம்தான் அது.

காற்றைப் பற்றிச் சொன்னேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகியவர்கள். ஆனி, ஆடியில் என்ன காற்று? கச்சான். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். அப்படியானால் ஆடி மாதத்தில் சிங்கப்பூர் போகும் விமானத்தைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும், சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். உலகத்தின் வேறு பக்கங்களில் கிழக்கே பறப்பது வேகம் என்பது பழகிப்போன உண்மைதான். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், புயல் முதுகில் குத்த, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தடம் அது.

நம் வானத்தில் கதை தலைகீழ். தென்மேற்குப் பருவம் நடக்கும் மாதங்களில் கீழே கச்சான் அடிக்கும்போது, பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். உங்கள் பாஷையில் சொன்னால், கீழே கச்சான், மேலே கொண்டல். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலையாளர் பி. கோடேஸ்வரம், 1958-இல் 'டெல்லஸ்' என்ற ஆய்விதழில் எழுதினார். கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதோடு அதைத் தொடர்புபடுத்தினார். அந்த ஆற்றின் நடுவில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். நம் விமானங்கள் நடு ஆற்றுக்குக் கொஞ்சம் கீழேதான் பறக்கின்றன, ஆனாலும் நனையாமல் தப்ப முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகும் வேகம் 780. மூணே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். அதே காற்று திரும்பும்போது முதுகில் இருந்தால் 880. மூணே கால் மணிக்கு மேல் எட்டு நிமிஷம். ஒரே வழி, ஒரே விமானம், வித்தியாசம் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நெடுந்தூரப் பயணங்களில் இது இன்னும் பெரிதாகும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறவர்கள் நூல் காட்டும் குறுக்கு வழியை விட்டுவிட்டுப் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவதுண்டு. கூடுதலாக ஆயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் காற்று தள்ளுவதால் சீக்கிரம் போய்விடுகிறார்கள். மீனவரிடம் இதைச் சொன்னால் அவர் ஆச்சரியப்படமாட்டார். நேர்கோட்டில் போகிற பாய்மரத்தை அவர் எங்கே பார்த்தார்?

போகும்போது 35,000, 37,000 அடி, வரும்போது 34,000, 36,000 அடி என்று ஒற்றைப்படை, இரட்டைப்படையாக உயரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு பேருக்கு இடையே இருப்பது ஆயிரம் அடி, அவ்வளவுதான்.

அடுத்தது கடிகாரம். என் பேரன் ஒரு முறை இரண்டு பயணச்சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, "தாத்தா, போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒண்ணே முக்கால் மணி நேரமா?" என்று கேட்டான். போகும் சீட்டில் ராத்திரி 1 மணிக்குக் கிளம்பி 7.45-க்குச் சேரும் என்றிருந்தது. வரும் சீட்டில் ராத்திரி 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்கு. இரண்டிலும் நாலேகால் மணி நேரம்தான். நடுவில் இருப்பது இரண்டரை மணி நேர வித்தியாசம். அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்காதது எனக்குத்தான்.

ஏன் இரண்டரை? திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் 25 பாகைக்குச் சற்று மேல். பாகைக்கு நாலு நிமிஷம் என்றால் ஒரு மணி நாற்பது நிமிஷம். சூரியனைக் கேட்டால் அவ்வளவுதான் சொல்லும். மீதி ஐம்பது நிமிஷம் அரசாங்கங்கள் போட்டது. நம் பக்கம் கொஞ்சம் கழித்தல்: இந்திய நேரம் 82½ பாகைக் கோட்டை வைத்து 1906-இல் வந்தது, திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் நம் கடிகாரம் சூரியனைச் சற்று முந்தி வித்தியாசத்தைக் குறைக்கிறது. அவர்கள் பக்கம் நிறையக் கூட்டல்: சிங்கப்பூர் நேரம் பலமுறை மாறியது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அங்கே டோக்கியோ நேரம். பிறகு நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் கூடச் சேர்ந்துகொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். உடனே 1982 பிறந்துவிட்டது. அந்த ராத்திரி சிங்கப்பூர் ஓர் அங்குலம் நகரவில்லை, நமக்கு மட்டும் அரை மணி தூரம் கூடிப்போனது. அங்கே இன்றைக்கும் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒரு மணிக்குத்தான். காலை ஏழு மணிக்கு இருட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்த்து என் வீட்டுக்காரி முதல் நாள் பதறிப்போனாள்.

தாத்தாவின் கப்பலுக்கு வருகிறேன். அவர் வாயில் எப்போதும் 'ரஜூலா'தான். 1926-இல் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக்கப்பல் கம்பெனியுடையது. சென்னை, நாகை, பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. இங்கே கரையில் ஆழம் போதாது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். தாத்தா மேல்தளப் பயணி. அறை கிடையாது, பாய் விரித்த இடமே சொந்தம். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் போகிற கப்பலுக்கு 1,600 கடல் மைல் என்றாலே ஐந்து நாளுக்கு மேல் ஆகிவிடும். பினாங்கில் ஏற்றி இறக்கி, அடுத்த துறையில் ஏற்றி இறக்கிப் போனால் ஏழு, எட்டு. அப்பாயியின் அட்டமிக் கணக்கு சரிதான். நோய்த்தடுப்பு முகாமில் பிடித்து வைத்தால் அதற்கு மேல் எத்தனை நாள் என்று நிலவுக்கும் தெரியாது. பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தக் கடல்வழி ஓய்ந்தது.

இன்று நாகையிலிருந்து திருச்சி விமான நிலையம் 140 கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் இங்கிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய கப்பலுக்கு 110 கிலோமீட்டர்; அதற்கும் நாலு மணி நேரம் பக்கம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 2,980. அதற்கும் நாலு சொச்சம். மூன்றும் ஒரே தூரம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊரில் நின்று பேசியதாகாது. நூல் ஆச்சேயைத் தொடும் இடத்திலிருந்து தெற்கே 150 கிலோமீட்டர்கூட இருக்காது, 2004 டிசம்பர் 26 நில அதிர்வின் மையம். நம் நேரம் காலை 6.29. நிலத்தட்டு அங்கிருந்து வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிளந்துகொண்டே போயிற்று. நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்கு 700 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். விமானத்துக்குக் கொஞ்சம்தான் பின்தங்கும். ஒன்பது மணியை ஒட்டி இந்தக் கரையில் ஏறியது. நடுவில் இரண்டரை மணி நேரம் அளவுக்கு இருந்தது. இங்கிருந்து பேருந்தில் போனால் தஞ்சாவூரே போய்ச் சேர்ந்துவிடலாம். சொல்லத்தான் ஆளில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஹைதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் வந்தது. தூரமும் நேரமும் வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய பாடம். அதற்குப் பிறகு என்னால் அதைப் பழையபடி நடத்த முடியவில்லை.

உருண்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, ஆனால் இன்னும் அரை மணி நேரம் இங்கேதான் இருப்பேன். நூலையும் மேசையிலேயே வைக்கிறேன். இந்த உருண்டைக்கு முப்பது சென்டிமீட்டர் குறுக்களவு. இதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 425 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கு ஏழு சென்டிமீட்டர் வரும், என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். துபாயிலோ கனடாவிலோ பிள்ளைகள் இருப்பவர்கள் வந்து பிடித்துப் பாருங்கள். முன் வரிசையில் இருக்கிற அம்மா, நீங்கள் முதலில் வாங்க.